பழைய கார்டும் பழுப்பேறிய ஊசியும்

நீண்ட பதிவு இது. பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம். பழைய கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு, வேலைப்பளு ஏறியதும் அது செயலிழந்து போவதைக் கண்டு தவிப்பவர்களுக்கு இதில் பயன்படக்கூடிய சில செய்திகள் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை. ஒருவருக்குப் பலர் முன்னிலையில் தவறிழைத்துவிட்டேன். அதைப் பலர் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை.

என் ஆய்வு பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுப் பக்கங்களைக் கணினி தானாகப் படிக்குமாறு பழக்குவதே என் வேலை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவங்களும், தும்பிக்கை தூக்கிய ணை, லை, ளை, னை ஆகியவையும் மட்டுமல்ல சிக்கல். இன்னும் பழைய நூல்களில் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இராது. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்போடு நிற்கும். மனிதக் கண் முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. கணினிக்கு அந்த ஊகத்தைப் பல்லாயிரம் எடுத்துக்காட்டுகள் காட்டிப் பழக்கவேண்டும். அதற்கு நினைவகம் நிறைந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று தேவை. பொதுக் கணினியில் முறை வருவதற்குள் நாள்கள் ஓடிவிடுகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை நள்ளிரவில் இணைப்பை அறுத்துவிடுகின்றன. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்குவது என்று இந்த ஆண்டு மார்ச்சில் முடிவெடுத்தேன்.

தேடியது என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090. 2020 செப்டம்பரில் வெளிவந்தது. 24 ஜிபி நினைவகம். புதிதாக வாங்கும் வசதி எனக்கில்லை. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் அல்சூரில் வாடகை கொடுத்து வாழ்பவளுக்குப் பழைய கார்டே பெரிய செலவு. விலை 62,000 ரூபாய். இரண்டு மாதத் தொகைக்குச் சற்றுக் குறைவு. ஓராண்டாக ஒதுக்கிய பணம்.

விற்றவர் அல்சூர்க்காரர்தான். சோமேசுவரர் கோயிலுக்குப் பின்னாலுள்ள சந்துகளில் ஒன்றில் வீடு. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழில். வீட்டில் பேசுவது தமிழ். படித்தது கன்னட வழியில். தமிழ் எழுத்து தெரியாது. இந்த ஊரில் நாலைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் இது வெகு இயல்பு. தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகப்போவதாகவும், கார்டு, கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். தம் கணினியிலேயே கார்டை மாட்டிப் பதினைந்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டிக் காண்பித்தார். திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

“மைனிங் போட்டதா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு மட்டும்தான்,” என்றார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற மின்நாணயத்தின் கணக்கீட்டு முறை மாறியது. அதுவரை அந்த நாணயத்தைத் தோண்டி எடுக்க உலகெங்கும் இலட்சக்கணக்கான கிராபிக்ஸ் கார்டுகள் இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவையெல்லாம் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. எத்திரியம் தோண்டும் வேலை நினைவகத்தைக் கடுமையாகச் சூடேற்றும். 3090 கார்டிலோ நினைவகச் சில்லுகளில் பாதி பலகையின் பின்புறத்தில் உள்ளன. அவற்றுக்கு விசிறிக் காற்று நேராகச் செல்லாது. ஆகவே பழைய 3090 என்றாலே ‘மைனிங் கார்டாக இருக்குமோ’ என்ற ஐயம் முதலில் எழும். எனக்கும் எழுந்தது. அவர் இல்லை என்றார். நான் தலையாட்டினேன், நம்பவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில், பின்னர் நிகழ்ந்த அனைத்தும் அந்தத் தலையாட்டலில் தொடங்கியது என்றே தோன்றுகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். உலாவி, கோப்புகள், சிறு சோதனைகள் எல்லாம் நன்றாக நடந்தன. இரவு பத்து மணிக்குப் பயிற்சியை ஓடவிட்டேன். நான்காவது நிமிடத்தில் திரை கறுத்தது. கார்டின் மூன்று விசிறிகளும் ஒருசேர முழு வேகத்தில் அலறத் தொடங்கின. கணினி அணையவில்லை, மடிக்கணினியிலிருந்து அதனுள் நுழைய முடிந்தது. லினக்ஸின் பதிவேட்டைப் பார்த்தேன். எக்ஸ்ஐடி 79 என்ற எண்ணும், ஜிபியூ பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்ற செய்தியும் இருந்தன. பஸ் என்பது இங்கே மதர்போர்டுக்கும் கார்டுக்கும் இடையிலான தரவுப் பாதை. கார்டு திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. கூப்பிட்டால் பதிலில்லை என்பதே அதன் பொருள். ஏன் நிறுத்தியது என்று அந்த எண் சொல்லாது. சூடு, மின்சாரம், ஸ்லாட்டில் சரியாக உட்காராமை, கார்டின் உள்ளேயே பழுது என எதுவும் காரணமாக இருக்கலாம்.

முறையாகத்தான் தொடங்கினேன். டிரைவரை முற்றிலும் நீக்கிப் புதிதாக நிறுவினேன். மாற்றமில்லை. கார்டைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் மாட்டினேன். மாற்றமில்லை. சுவரில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் வந்து அளந்தார். 228 வோல்ட்; எர்த்தும் சரி. பிறகு சூட்டைப் பார்த்தேன். கார்டின் மையச் சில்லு 71 பாகை. அது இயல்பான அளவு. ஆனால் நினைவகத்தின் சூட்டை இந்த வகைக் கார்டுகளுக்கு லினக்ஸில் என்விடியாவின் கருவி காட்டுவதில்லை. பழைய வன்தட்டு ஒன்றில் விண்டோஸை நிறுவி, கணினியின் உணர்விகள் தரும் எண்களையெல்லாம் பட்டியலிடும் இலவச மென்பொருளை ஓட்டினேன். நினைவகம் 104 பாகை.

அந்த எண்ணைக் கண்டதும் எனக்குள் ஏதோ உறுதிப்பட்டுவிட்டது. 110 பாகையில் இந்த நினைவகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 104 அதற்கு வெகு அருகில். டார்ச் அடித்துப் பார்த்தால் பலகையின் விளிம்பில் எண்ணெய்ப் பசை. சூட்டைக் கடத்துவதற்காகச் சில்லுகளின்மேல் ஒட்டும் தெர்மல் பேடிலிருந்து கசிந்த சிலிக்கான் எண்ணெய் அது. மைனிங் கார்டுதான், பொய் சொல்லியிருக்கிறார் என்று தீர்மானித்தேன். தெர்மல் பேடுகள் வயதானாலே எண்ணெய் கசியும், வீடியோ தொகுப்பவரின் கார்டும் வயதாகத்தான் செய்யும் என்பது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் நான் எடுத்துப் பார்க்கவில்லை.

மேசை விசிறியைத் திறந்த கேபினெட்டின் எதிரே வைத்தேன். நினைவகச் சூடு 92க்கு இறங்கியது. நான்காம் நிமிடத்தில் மீண்டும் கறுப்புத் திரை. சூடு காரணமாக இருந்திருந்தால், சூடு குறைந்தபின் விழும் நேரமாவது தள்ளிப்போயிருக்க வேண்டும். போகவில்லை. நினைவகத்தை மட்டும் சோதிக்கும் நிரலை ஒரு மணிநேரம் ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. மைனிங்கால் நினைவகம் கெட்டுவிட்டது என்ற என் கருத்தை இந்த இரண்டு சோதனைகளும் மறுத்தன. நானோ கருத்தைக் கைவிடாமல் அதன் இடத்தை மட்டும் மாற்றினேன். நினைவகம் இல்லையென்றால், கார்டின் மின்பகுதி கெட்டிருக்கிறது.

அடுத்த சோதனை அதை நிறுவியதுபோலவே இருந்தது. இந்தக் கார்டு முழு வேகத்தில் 350 வாட் வாங்கும். அதைக் கட்டளை ஒன்றால் குறைக்கலாம். 300 வாட்டுக்குக் குறைத்தேன். நாற்பது நிமிடம் ஓடி விழுந்தது. 250க்குக் குறைத்தேன், இரவு முழுவதும், ஒன்பது மணிநேரம், ஒருமுறையும் விழவில்லை. வேகத்தில் ஏழில் ஒரு பங்குதான் இழப்பு. ஆக, கோளாறு கார்டு வாங்கும் மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

இதைப் படிப்பவர்களில் பொறியியல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மின்சாரத்தைப் பொறுத்தது என்றால், வாங்குகிற இடத்திலா பழுது, கொடுக்கிற இடத்திலா? என் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. இரண்டில் எதுவாயினும் இதே விளைவுதான் தெரியும். வாங்குகிற இடம் அவருடையது. கொடுக்கிற இடம் ஆறு ஆண்டுகளாக என் மேசையடியில் இருக்கும் என்னுடைய எஸ்எம்பிஎஸ். நான் முன்னதைத் தேர்ந்தேன். தேர்ந்தேன் என்ற உணர்வுகூட இன்றித் தேர்ந்தேன். அதற்குத் துணையாக ஒரு வரலாற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்தேன். 2020 செப்டம்பரில் இந்தத் தலைமுறையின் முதல் 3080 கார்டுகள் வெளிவந்தபோது, சில விளையாட்டுகளின் நடுவே, கடிகார வேகம் உச்சத்தைத் தொடும் கணத்தில் செயலிழந்தன. பலகையின் பின்புறத்து மின்தேக்கிகளின் வகையைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. சில நாள்களில் என்விடியா வெளியிட்ட புதிய டிரைவர் அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. அந்தக் கதையைப் படித்திருந்ததால், என் கார்டிலும் மின்தேக்கிகள் மடிந்துவிட்டன என்று எண்ணிக்கொள்வது எளிதாயிற்று. ஆய்வாளர்களுக்கு இது ஒரு தனி ஆபத்து. எந்த முடிவுக்கும் மேற்கோள் காட்ட ஏதேனும் ஒன்றை நாம் படித்துவைத்திருப்போம்.

அன்றிரவு அவருக்கு எழுதினேன். கடுமையாக எழுதினேன். நினைவகம் 104 பாகை காட்டும் திரைப்படத்தையும் உடன் அனுப்பினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழைய பொருள்களை வாங்கி விற்பதற்காக ஆய்வு மாணவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அவர் தம் லென்ஸைப் பற்றிய அறிவிப்பையும் என் வழியாக அங்கேதான் போட்டிருந்தார். அந்தக் குழுவில், இன்னாரிடம் எதுவும் வாங்காதீர்கள், மைனிங் கார்டை வீடியோ கார்டு என்று சொல்லி விற்பவர் என்று எழுதி, அதே படத்தை இணைத்தேன். நாற்பதுக்கு மேற்பட்டோர் பதிலளித்தார்கள். நன்றி சொன்னார்கள். தங்கள் ஏமாற்றக் கதைகளைச் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்கவேண்டாம்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வந்தார். ஸ்கூட்டரில், ஒரு துணிப்பையில் தம் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கீழே வீட்டுக்கார அம்மா யாரென்று விசாரித்துக் காபி கொடுத்து மேலே அனுப்பினார். சண்டைக்கு ஆயத்தமாக நின்றிருந்தேன். அவர் சண்டை போடவில்லை.

“பணம் வேணும்னா திருப்பித் தரேன்க்கா. ஒரே தடவையா முடியாது, ரெண்டு தவணையாத் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடலாம்,” என்றார்.

பிறகு தம் கைப்பேசியை எடுத்து, நான் அனுப்பிய அதே படத்தை விரித்துக் காண்பித்தார்.

“நீங்க அனுப்பின படத்துலயே இருக்கு பாருங்க. இந்த மூணு வரி.”

நான் 104 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டிருந்தேன். அவர் காட்டியது அதற்குப் பத்து வரி கீழே. கார்டுக்கு மின்சாரம் மூன்று வழிகளில் வருகிறது. மதர்போர்டின் ஸ்லாட் வழியாக ஒன்று; மேலே செருகும் இரண்டு எட்டு ஊசி இணைப்பிகள் வழியாக இரண்டு. மூன்றிலும் 12 வோல்ட் வரவேண்டும். 5 விழுக்காடு கூடலாம், குறையலாம் என்பது விதி, அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. ஸ்லாட்டின் குறைந்தபட்ச அளவு 11.9. முதல் எட்டு ஊசி 11.06. இரண்டாவது 11.05.

ஸ்லாட் சரியாக இருக்கிறது என்றால் எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்னழுத்தம் சரியாகத்தான் உருவாகிறது. எட்டு ஊசிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வீழ்ந்திருக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இழப்பு. கார்டை அடையும் முன்பே அந்த இழப்பு நேர்ந்துவிடுகிறது. இவ்வளவும் நான் அனுப்பிய படத்திலேயே இருந்தது. அவரைக் குற்றஞ்சாட்ட நான் நாற்பது பேருக்குக் காட்டிய சான்று, அவர்மீது குற்றமில்லை என்பதற்கான சான்று. பழைய அச்சில் ஒரு காலுக்கும் ஒரு ரகரத்துக்கும் வேறுபாடு காணக் கற்றவள் நான். பத்து வரி கீழே படிக்கவில்லை.

“எத்தனை ஒயர் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

ஒன்று. என் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து புறப்படும் ஒரே கேபிள். அதன் நுனியில் அடுத்தடுத்து இரண்டு தலைகள். இரண்டையும் கார்டில் செருகியிருந்தேன். செருக இடமிருக்கிறது, தலையும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் கேபினெட்டுக்குள் கைவிட்டு, எஸ்எம்பிஎஸ் பக்கத்து இணைப்பியை மெல்ல அசைத்து உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பேறிக் குழைந்திருந்தது. உள்ளிருந்த உலோக ஊசி நிறம் மங்கிக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை இன்னும் இருந்தது.

கணக்கு எளியது. 350 வாட்டில் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75. மீதி குறைந்தது 275 வாட் அந்த ஒற்றைக் கேபிளில் வரவேண்டும். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 23 ஆம்பியர். மூன்று ஊசிகள் பகிர்ந்தால் ஆளுக்கு எட்டு ஆம்பியர் அளவில். ஓர் ஊசியின் பிடி தளர்ந்தால் அங்கே மின்தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு. சூட்டில் பிடி மேலும் தளர்கிறது. 12 வோல்ட் 11.06 ஆகும்போது வழியிலேயே வெப்பமாகப் போவது ஏறத்தாழ 20 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை அந்த இணைப்பிக்குள் செருகி வைத்ததற்குச் சமம். மென்பொருள் காட்டும் 11.06 என்பதும் நிதானமாக அளக்கும் உணவியின் எண்ணே. இந்தக் கார்டுகள் சில மில்லிநொடிகளுக்குத் தம் அளவைவிட வெகுவாகக் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். அக்கணங்களில் அழுத்தம் இன்னும் ஆழமாக வீழும். கார்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பேச்சை நிறுத்துகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், 250 வாட்டில் அது பாதிக்குக் கீழே இறங்குகிறது. அதனால் இரவு முழுவதும் தாக்குப்பிடித்தது. என் சோதனை முடிவுகள் அனைத்தும் இதனோடு பொருந்தின. நினைவகச் சோதனை ஏன் தேறியது என்பதும் பொருந்தியது. அச்சோதனை கார்டின் கணக்கீட்டுப் பகுதியை அவ்வளவாக வேலை வாங்குவதில்லை. ஆகவே குறைவான மின்சாரமே போதும்.

எனக்கு இந்தப் பாடம் புதிதாக இருந்திருக்கக் கூடாது. என் அம்மாவழித் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதே அருவியின் மின்சாரத்தில்தான் 1905 ஆகஸ்டில் பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தன. அவ்வளவு தொலைவுக்கு 30,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி அனுப்பியதற்குக் காரணம், அழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும், ஓட்டம் குறைந்தால் கம்பியில் இழப்பு குறையும் என்பதே. என் கேபினெட்டுக்குள் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. வெறும் 12 வோல்ட். ஆகவே பெரும் ஓட்டம். ஆகவே இரண்டடி நீளக் கேபிளில்கூட ஒரு ஊசியின் தளர்ச்சி பொறுக்கவில்லை. தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்த கதை அது. பள்ளியில் படித்த சூத்திரமும் அதுவே.

அவர் கொண்டுவந்த 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்து, இரண்டு தனிக் கேபிள்களைக் கார்டில் செருகி, அளவைத் திரும்ப 350க்கு ஏற்றினோம். நான்காம் நிமிடம் கடந்தது. அரைமணி கடந்தது. எட்டு ஊசி இரண்டும் 11.8இல் நின்றன. இரண்டு மணிநேரம் ஓடியபின் நான்தான் நிறுத்தினேன். அவ்வளவு நேரமும் அவர் திரையில் ஓடிய பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது என்ன எழுத்துக்கா?” என்று ஒன்றைக் காட்டிக் கேட்டார். பழைய றா. தம் ஆயா எழுதிவைத்த கணக்கு நோட்டு ஒன்று வீட்டில் இருப்பதாகவும், அதில் இப்படிச் சுழிகள் நிறைய இருப்பதாகவும், அதைப் படிக்க வீட்டில் இப்போது யாருமில்லை என்றும் சொன்னார். படித்துத் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அதற்கு முன் சொல்லவேண்டியது வேறொன்று இருந்ததால் பேசாமலிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லக்கா, எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க,” என்றார். அது மன்னித்ததாகவும் இருந்தது. மனிதர்களைப் பற்றி அவர் ஏற்கெனவே வந்தடைந்திருந்த ஒரு முடிவாகவும் இருந்தது. படியிறங்கும்போது, எதையோ நினைத்துக்கொண்டவர்போல, லென்ஸை வாங்குவதாக இருந்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார். குழுவில் நான் எழுதிய மறுநாள். எழுதியவள் நான்தான் என்பதை அவர் அறிவார் என்று நினைக்கிறேன். குரலில் அது தெரியவில்லை.

மறுநாள் எஸ்.பி. ரோடு சென்றேன். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, வெயிலில் கடைகடையாக நடந்து ஒரு புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம். இப்போது கார்டு நன்றாக ஓடுகிறது. வெயில் காலத்தை முன்னிட்டு 280 வாட்டில் வைத்திருக்கிறேன். தெர்மல் பேடுகளையும் மாற்றிவிட்டேன். நினைவகம் 86 பாகையைத் தாண்டுவதில்லை.

குழுவில் திருத்தம் எழுதினேன். என் கணிப்பு தவறு, கார்டில் குறையில்லை, கோளாறு என் கேபிளில், விற்றவர் உண்மையே சொன்னார் என்று தெளிவாக எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். குற்றச்சாட்டுக்கு நாற்பது பேர். திருத்தத்துக்கு இரண்டு பேர். இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த நாற்பதை உண்டாக்கியவள் நான்.

ஏரிக்கரை வழியாகத் தினமும் நடக்கும்போது திருவள்ளுவர் சிலையைக் கடந்துதான் செல்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை. ஒருவரையொருவர் ஐயுற்ற காலத்தின் கதையை இந்தத் தெருக்களில் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அது வேறு யாரோ செய்த தவறு என்று எண்ணியிருந்தேன். ஐயம் தோன்றுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது இந்த ஏப்ரலில் எனக்குத் தெரிந்தது. ஒரு தலையாட்டலும், நம் முடிவுக்கு ஏற்ற ஒரே ஓர் எண்ணும் போதும்.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். திரை கறுத்தும் கணினி உயிரோடிருந்தால் முதலில் பதிவேட்டைப் பாருங்கள். 79 என்ற எண் வந்தால் மின்சாரத்தைச் சூட்டுக்கு முன் சோதியுங்கள். கார்டுக்கு எத்தனை இணைப்பி உண்டோ அத்தனை தனிக் கேபிள்கள் கொடுங்கள். வாட் அளவைக் குறைத்தால் நிற்கிறது என்றால், பழுது கார்டில் என்று பொருளல்ல. கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் இரண்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன என்றே பொருள். ஸ்லாட்டின் மின்னழுத்தத்தையும் எட்டு ஊசியின் மின்னழுத்தத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இணைப்பிகளைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். இரண்டு முனைகளையும் பாருங்கள். முடிந்தால் வேறொருவரின் எஸ்எம்பிஎஸ்ஸை ஒருநாள் இரவல் வாங்குங்கள். இவையெல்லாம் முடியும்வரை விற்றவருக்கு எதுவும் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அவருடைய லென்ஸ் இன்னும் விற்கவில்லை. 50 மி.மீ., நல்ல நிலையில் உள்ளது. நானே சென்று பார்த்தேன், இந்த முறை எல்லா வரிகளையும் படித்தேன். வேண்டுவோர் உள்பெட்டியில் எழுதுங்கள். அவர் ஒப்புதலோடு எண் தருகிறேன்.